பிழைச் செய்தியே கோப்பைக் கெடுத்த வழக்கு

"உங்க லைப்ரரி எங்க டேட்டாவைக் கெடுத்துடுச்சு." தரவுத்தள லைப்ரரி, அதாவது மற்ற நிரல்கள் தங்களோடு இணைத்துக்கொள்ளும் தயார் நிரல், எழுதுபவர்களுக்கு வரும் புகார்களிலேயே கனமானது இதுதான். கொயரி மெதுவாக ஓடுகிறது என்றால் இன்டெக்ஸ் போடச் சொல்லலாம். 'டேட்டாபேஸ் இஸ் லாக்ட்' என்று வந்தால் எந்த டிரான்சாக்ஷன் முடியாமல் தொங்குகிறது என்று பார்க்கச் சொல்லலாம். கோப்பே கெட்டுவிட்டது என்று ஒருவர் வந்து நின்றால் ஒரு வரியில் பதில் சொல்லி அனுப்ப முடியாது. உள்ளே இருந்தது ஒரு கடையின் ஒரு வருடக் கணக்காக இருக்கலாம். கெடுத்தது எது என்று பிடிபடும்வரை, நாளைக்கு மறுபடி கெடாது என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது.

எஸ்கியூலைட் (SQLite) என்ற தரவுத்தள லைப்ரரியோடு தினமும் வேலை செய்கிறவன் நான். இந்தப் புகாரை எப்படிக் கையாள வேண்டும் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது 2013 ஆகஸ்ட் 30 வாக்கில் நடந்த ஒரு சம்பவம். அதில் பாதிக்கப்பட்ட பயனர் வேறு யாருமில்லை, எஸ்கியூலைட்டை எழுதியவர்களேதான். கெட்டது மூலநிரலைச் சேர்த்து வைக்கும் அவர்களுடைய சொந்தக் களஞ்சியம். அதனால் இதை முழுதாக எழுதி வைக்க வேண்டும் என்று நெடுநாளாக ஆசை.

கொஞ்சம் பின்னணி வேண்டும். 2000-ஆம் ஆண்டில் ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கக் கடற்படையின் போர்க்கப்பல் ஒன்றுக்கான மென்பொருளில் வேலை செய்துகொண்டிருந்தார். அதற்குத் தரவு கொடுத்தது இன்ஃபார்மிக்ஸ் என்ற தரவுத்தள சர்வர். சர்வர் படுத்துவிட்டால், 'இணைக்க முடியவில்லை' என்ற பெட்டி திரையில் எழும்பும். அந்தப் பெட்டியைக் காட்டியது ஹிப் குழுவின் நிரல். அதனால் பழியும் அவர்கள் மேல்தான் விழுந்தது. சர்வரே இல்லாத, நேராகக் கோப்பைப் படித்து எழுதும் தரவுத்தளம் ஒன்று ஏன் இருக்கக்கூடாது என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது. செய்யாத தவறுக்கு வந்த புகார்தான் இந்த லைப்ரரிக்கு வித்து என்று சொன்னால் மிகையாகாது.

சர்வர் போனதும் பெரிய நிம்மதி. ஆனால் சர்வர் தனி வீட்டில் குடியிருந்தது. அதன் கோப்புகளை வெளியார் தொட வழியில்லை. உள்பொதி லைப்ரரிக்கு அந்த வசதி கிடையாது. அது தன்னைப் பயன்படுத்துகிற நிரலின் புராசஸுக்குள்ளேயே, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் அந்த நிரலுக்குள்ளேயே, குடித்தனம் நடத்துகிறது. ஒரே நினைவகம், ஒரே கோப்பு எண் வரிசை, ஒரே பூட்டுக் கணக்கு. பழைய ஒண்டுக்குடித்தன வீடுகளில் ஐந்து குடும்பத்துக்கு ஒரு முற்றம், ஒரு கிணறு இருக்குமே, அந்த மாதிரி. கிணற்றில் யாரோ எதையோ போட்டால் எல்லார் வீட்டுச் சமையலும் கெடும். எஸ்கியூலைட் குறித்து வரும் 'கோப்பு கெட்டது' புகார்களைப் படிக்கும்போது இந்த முற்றத்தை மனதில் வைத்துக்கொண்டால் பாதி விஷயம் புரிந்துவிடும்.

நடந்தது

ஃபாசில் என்பது ஹிப் எழுதிய பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருள். எஸ்கியூலைட்டின் மூலநிரல் 2009 முதல் அதில்தான் இருக்கிறது. ஃபாசிலின் ஒரு களஞ்சியம் என்பது ஒரே ஒரு எஸ்கியூலைட் கோப்பு. ஃபாசிலின் மூலநிரலை வைத்திருந்த அதிகாரபூர்வ களஞ்சியமும் அப்படி ஒரு கோப்புதான். அந்தக் கோப்பு கெட்டது.

ஏறக்குறைய நான்கு நாள் முன்பு, ஆகஸ்ட் 26 அன்று, எஸ்கியூலைட் 3.8.0 வெளியாகியிருந்தது. கொயரியை எந்த வழியில் ஓட்டுவது என்று திட்டமிடும் பகுதியை முழுக்கத் திருத்தி எழுதிய பெரிய பதிப்பு அது. வெளியிலிருந்து பார்க்கும் யாருக்கும் கை முதலில் அந்தப் பக்கம்தான் நீளும். நானாக இருந்தால் நீட்டியிருப்பேன். உண்மையான காரணம் அங்கே இல்லை.

யூனிக்ஸில் எந்தப் புராசஸ் தொடங்கினாலும் மூன்று எண்கள் அதன் கையில் ஏற்கெனவே இருக்கும். 0 என்பது உள்ளீடு, 1 வெளியீடு, 2 பிழைச் செய்தி போகும் பாதை. புதிதாக ஒரு கோப்பைத் திறந்தால், காலியாக இருக்கும் எண்களில் மிகச் சிறியதை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் கொடுக்கும். இது யூனிக்ஸ் வகை இயங்குதளங்களுக்கான பாசிக்ஸ் (POSIX) தரத்தின் விதி. அதனால் வழக்கமாக முதலில் திறக்கும் கோப்புக்கு 3 கிடைக்கும்.

அன்று அந்தச் சர்வரில் எண் 2 முன்கூட்டியே மூடப்பட்டிருந்தது. மூடியது ஸ்டன்னல் என்ற மறையாக்கக் கருவியாக இருக்கும் என்பது எஸ்கியூலைட் குழுவின் சந்தேகம். சந்தேகம் என்றுதான் அவர்களே எழுதியிருக்கிறார்கள். நானும் அதற்கு மேல் போகவில்லை. எது மூடியிருந்தாலும் விளைவு ஒன்றுதான். தரவுத்தளக் கோப்பைத் திறந்தபோது காலியாக இருந்த சிறிய எண் 2. கெர்னல் அதைக் கொடுத்தது. எஸ்கியூலைட் வாங்கிக்கொண்டது.

அதுவரைக்கும் ஒன்றும் கெடவில்லை. எண் 2-ல் திறந்த கோப்பும் எண் 7-ல் திறந்த கோப்பும் படிக்க எழுத ஒன்றுதான். பிறகு பயன்பாட்டு நிரலில் இருந்த வேறொரு பிழையால் ஒரு அசெர்ட், அதாவது 'இது உண்மையாக இருந்தே ஆகவேண்டும்' என்று நிரலுக்குள் வைக்கும் சோதனை, தோற்றது. அசெர்ட் தோற்றால் 'இன்ன கோப்பில் இன்ன வரியில் தோற்றேன்' என்று ஒரு வாக்கியத்தை எண் 2-க்கு எழுதிவிட்டு நின்றுவிடும். எண் 2 எங்கே போகிறது என்று அது கேட்பதில்லை, கேட்க வேண்டிய அவசியமும் இல்லை. ஐம்பது வருட வழக்கம் அது. வாக்கியம் நேராகப் போய்க் களஞ்சியத்துக்குள் விழுந்தது. பிழையைச் சொல்ல வந்த செய்தியே பெரிய பிழையாகிவிட்டது.

கிட்டத்தில் பார்த்தால்

படித்தால் மட்டும் மனது ஒப்பவில்லை. பழைய 3.8.0 மூலநிரலை எடுத்து என் லினக்ஸ் கணினியில் நிகழ்த்திப் பார்த்தேன். சி மொழியில் இருபது வரி. முதல் வரியில் எண் 2-ஐ மூடு. அடுத்து தரவுத்தளத்தைத் திற. ஒரு அட்டவணை போட்டு நாலு வரிசை எழுது. கடைசியில், தோற்கும் என்று தெரிந்தே ஒரு அசெர்ட்.

ஓட்டினேன். திரையில் எந்தச் செய்தியும் வரவில்லை, நிரல் மட்டும் நின்றது. கோப்பை பைட் பைட்டாகக் காட்டும் கருவியில் திறந்தேன். ஒழுங்கான எஸ்கியூலைட் கோப்பின் முதல் 16 பைட்டில் 'எஸ்கியூலைட் ஃபார்மேட் 3' என்ற ஆங்கில எழுத்துகளும் முடிவில் ஒரு சுழியும் இருக்கும். அந்த இடத்தில் என் நிரலின் பெயர் உட்கார்ந்திருந்தது. அதை அடுத்து ஒரு முக்காற்புள்ளி, மூலக்கோப்பின் பெயர், வரி எண், 'அசெர்ஷன் ஃபெயில்ட்'. தலைப்பகுதி மொத்தம் 100 பைட். கோப்பு பிரிக்கப்பட்டிருக்கும் பக்கங்களின் அளவு, மாற்றங்களின் எண்ணிக்கை, கோப்பில் எத்தனை பக்கம் என்பதெல்லாம் அங்கேதான் குறிக்கப்பட்டிருக்கும். பாதிக்கு மேல் போய்விட்டது. அதற்குக் கீழே என் நாலு வரிசையும் சேதமில்லாமல் இருந்தன. அதைப் பார்த்தபோது வந்த உணர்ச்சியை எப்படிச் சொல்வது, வாசலில் வேறு வீட்டுப் பெயர்ப்பலகை, உள்ளே அதே நாம்.

செய்தி எங்கே விழும் என்பது லைப்ரரியை எப்படிக் கட்டினோம் என்பதைப் பொறுத்தது. இடத்தைச் சொல்லிப் படிக்கும் பிரீட் அழைப்புகளோடு கட்டினால் கோப்பின் நகர்வுக்குறி (அடுத்து எங்கே எழுத வேண்டும் என்ற குறி) 0-விலேயே நிற்கும். எனவே செய்தி தலையிலேயே இறங்கும். எல்சீக் செய்து நகர்ந்து படிக்கும்படி கட்டினால் குறி கடைசியாக வேலை நடந்த இடத்தில் நிற்கும், செய்தி ஏதோ ஒரு பக்கத்துக்குள் போய்ச் செருகும். இரண்டாவது வகைதான் கொடுமை. தலை கெட்டால் திறந்த உடனே தெரிந்துவிடும். நடுப்பக்கம் கெட்டால், அந்தப் பக்கத்தை யாரேனும் படிக்கும்வரை தெரியாது. அது வாரக்கணக்காகவும் ஆகலாம்.

பயனர் சொல்லும் பிழை வாசகமும் இதனால்தான் மாறுகிறது. தலை கெட்டிருந்தால் பிழை எண் 26. பழைய பதிப்புகளில் அதன் வாசகம் 'ஃபைல் இஸ் என்கிரிப்டட் ஆர் இஸ் நாட் எ டேட்டாபேஸ்'. அதைப் பார்த்தவர்கள் 'என் கோப்பை யார் பூட்டினார்கள், பாஸ்வேர்டு என்ன' என்று கேட்டு வந்தார்கள். இப்போதைய வாசகத்தில் மறையாக்கம் பற்றிய பேச்சே இல்லை, நல்ல மாற்றம். நடுப்பக்கம் கெட்டிருந்தால் பிழை எண் 11, 'டேட்டாபேஸ் டிஸ்க் இமேஜ் இஸ் மால்ஃபார்ம்ட்'. புகாரில் எந்த எண் வந்தது என்று கேட்டாலே தேட வேண்டிய இடம் பாதியாகக் குறைந்துவிடும்.

குழு செய்தது

இங்கேதான் எனக்கு அவர்கள் மேல் மரியாதை வந்தது. எண் 2-ஐ மூடியது வேறு நிரல். அசெர்ட் தோற்றது பயன்பாட்டின் பிழை. எஸ்கியூலைட்டின் நிரலில் ஒரு வரிகூடத் தவறில்லை. 'எங்கள் மேல் குற்றமில்லை' என்று எழுதிவிட்டு அடுத்த வேலைக்குப் போயிருக்கலாம், யாரும் குறை சொல்லியிருக்க முடியாது.

2013 அக்டோபர் 17 அன்று வந்த 3.8.1 முதல், 3-க்குக் குறைந்த எண்ணில் தரவுத்தளக் கோப்பைத் திறக்க எஸ்கியூலைட் மறுக்கிறது. மறுக்கும் விதமும் பார்க்க வேண்டியது. கெர்னல் 0, 1, 2 ஆகியவற்றில் ஒன்றைக் கொடுத்தால் உடனே மூடிவிடும். 'இந்தக் கோப்பை எண் 2-ஆகத் திறக்க முயற்சி நடந்தது' என்ற பொருளில் ஓர் எச்சரிக்கையைத் தன் பதிவேட்டுக்கு அனுப்பும். பிறகு, எதை எழுதினாலும் விழுங்கிக்கொள்ளும் '/dev/null' என்ற வெற்றுச் சாதனத்தைத் திறக்கும். காலி எண்ணை அது பிடித்துக்கொள்ளும். மறுபடி தரவுத்தளத்தைத் திறக்கும். இன்னும் சிறிய எண் வந்தால் இதையே திரும்பச் செய்யும். முற்றத்தில் திறந்து கிடந்த கிணற்றுக்கு மூடி போட்டுவிட்டுத் தன் வீட்டுக்குள் போகிற மாதிரி.

அதோடு நிற்கவில்லை. எஸ்கியூலைட் கோப்பைக் கெடுப்பது எப்படி என்ற தலைப்பில் அவர்கள் ஒரு ஆவணம் வைத்திருக்கிறார்கள். இந்தச் சம்பவத்தை, ஃபாசிலின் அதிகாரபூர்வ களஞ்சியம் என்று பெயர் சொல்லியே அதில் எழுதினார்கள். அதே ஆவணத்தின் பிற்பகுதியில் எஸ்கியூலைட்டின் சொந்தப் பிழைகளால் கோப்பு கெடக்கூடிய சந்தர்ப்பங்களும் ஒவ்வொன்றாக இருக்கின்றன. ஒவ்வொரு கிளையையும் சோதிக்கும் அளவுக்குச் சோதனை எழுதியவர்கள், தங்கள் தவறையும் அடுத்தவர் தவறையும் ஒரே பக்கத்தில் போடுகிறார்கள். புகார் கொடுக்கும் பயனருக்கு இதைவிட நம்பிக்கை தரும் விஷயம் எனக்குத் தெரியவில்லை.

அடுத்த வருடமே, 2014 ஆகஸ்டில், ஃபேஸ்புக்கின் பொறியாளர்கள் தங்கள் ஐஓஎஸ் செயலியில் கண்ட இதே குடும்பத்துச் சிக்கலை எழுதினார்கள். அங்கே எண் 2 இல்லை. ஒரு பிணையச் சாக்கெட் (பிணைய இணைப்பின் முனை, அதற்கும் இதே வரிசையில் ஓர் எண் உண்டு) மூடப்பட்டது, அதன் எண் தரவுத்தளக் கோப்புக்குப் போனது. சாக்கெட் இன்னும் தன்னுடையது என்று நினைத்த பிணைய நிரல் பழைய எண்ணிலேயே எழுதிக்கொண்டிருந்தது. கெட்ட கோப்பின் தலையில் 17 03 03 என்று தொடங்கும் பைட்டுகள் இருந்தன. பிணையத் தரவை மறையாக்கும் டிஎல்எஸ் நெறிமுறை தெரிந்தவர்களுக்கு அது பார்த்ததும் பிடிபடும், மறையாக்கிய பிணையத் தரவின் தொடக்கம் அப்படித்தான் இருக்கும். தரவுத்தளத்துக்குள் பிணையத் தரவு வர ஒரு நியாயமும் இல்லை. வந்தது யார் என்று அந்த மூன்று பைட்டே சொல்லிவிட்டது. எண்களைக் கீழ்வரம்பு வைத்துத் தடுக்கும் 3.8.1-இன் வேலி இதற்குப் போதாது. 3-க்கு மேல் உள்ள எந்த எண்ணிலும் இது நடக்கும். மூடிய எண்ணை மறக்காத நிரலைத் தேடிப் பிடித்துத் திருத்துவதுதான் வழி.

பூட்டு காணாமல் போகும் விதம்

இதே முற்றத்தில் நடக்கும் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனமில்லை. பயன்பாட்டு நிரல் எழுதும் நல்ல பொறியாளர்கள்கூட இதில் விழுகிறார்கள்.

பாசிக்ஸ் பூட்டுகள் புராசஸுக்குச் சொந்தம், திறந்த கோப்பு எண்ணுக்கு இல்லை. ஒரு புராசஸ் ஒரே கோப்பை இரண்டு முறை திறந்து, இரண்டாவதை மூடினால் போதும், முதலாவதன் வழியாகப் போட்ட பூட்டும் அவிழ்ந்துவிடும். எச்சரிக்கை எதுவும் வராது. எஸ்கியூலைட் தன் பங்குக்கு, பூட்டு இருக்கும்வரை அந்தக் கோப்பின் எந்த எண்ணையும் மூடாமல் கணக்கு வைத்துக்கொள்கிறது. ஆனால் நம் நிரலுக்குள்ளேயே இணையாக ஓடும் ஒரு திரெட், 'தரவுத்தளத்தை நகல் எடுத்து வைப்போம்' என்று சாதாரணமாகத் திறந்து, படித்து, மூடினால்? லைப்ரரிக்கு அது தெரியாது. நல்லெண்ணத்தில் எடுத்த பேக்கப்பே பூட்டை அவிழ்த்துவிடும். அந்த நொடியில் வேறு புராசஸ் எழுத வந்தால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் எழுதுவார்கள். ஒரே செயலியில் எஸ்கியூலைட்டின் இரண்டு பிரதிகள் இணைந்திருந்தாலும் இதே கதிதான். ஒன்றின் கணக்கு மற்றதற்குத் தெரியாது. நகல் எடுக்க லைப்ரரியே பேக்கப் அழைப்பும் 'வேக்யூம் இன்டு' கட்டளையும் தருகிறது. கோப்பை நாமாகத் தொட வேண்டிய தேவையே இல்லை.

எங்கள் வேலையில் வந்த ஒன்று. மொத்த மளிகை வியாபாரம் செய்யும் ஒரு கடையிலிருந்து கணக்குப் பார்க்கும் பெரியவர் அழைத்தார். முதல் நாள் பில் ஏறிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போயிருக்கிறது. மறுநாள் காலையில் பிழை எண் 11. பேசப் பேச விஷயம் வந்தது.

"தம்பி, அந்த ஃபோல்டர்ல ஜர்னல்னு ஒரு ஃபைல் இருந்துச்சு. பழைய டெம்பரரி ஃபைல் போலன்னு அழிச்சிட்டேன்."

"ஐயா, கரண்ட் போறதுக்கு முன்னாடி இருந்த பக்கமெல்லாம் அதுலதான் இருக்கு. ரீசைக்கிள் பின்ல இருக்கான்னு பாருங்க. அதுக்கப்புறம் ஏதாச்சும் பில் போட்டீங்களா?"

"இல்லப்பா, போட விடலையே அது."

அதுதான் காப்பாற்றியது. அழித்த கோப்பை அதே பெயரில் அதே இடத்துக்குக் கொண்டுவரச் சொல்லி, இரண்டையும் முதலில் வேறு இடத்தில் நகல் எடுத்துவைத்து, பிறகு திறக்கச் சொன்னேன். பாதியில் நின்ற டிரான்சாக்ஷனை எஸ்கியூலைட் தானே பின்வாங்கியது. கோப்பு ஒழுங்காக இருக்கிறதா என்று பார்க்கும் இன்டெக்ரிட்டி செக் 'ஓகே' என்று ஒரு வார்த்தை சொன்னது. பாதியில் போன அந்த ஒரு பில்லை மட்டும் பெரியவர் மறுபடி போட்டார். அவர் மேல் தவறு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 'ஜர்னல்' என்ற பெயரைப் பார்த்து அது உயிர்நாடி என்று ஒரு கணக்குப்பிள்ளைக்கு எப்படித் தெரியும்?

பெயர் விஷயத்தில் எஸ்கியூலைட் குழுவுக்கே ஒரு பழைய அனுபவம் உண்டு. அவர்களுடைய மூலநிரலில் 2006 அக்டோபர் 31 தேதியிட்ட குறிப்பாகவே அது இருக்கிறது. தற்காலிகக் கோப்புகளின் பெயர் அப்போது 'எஸ்கியூலைட்' என்று தொடங்கும். மெக்காஃபி வைரஸ் தடுப்பு மென்பொருள் எஸ்கியூலைட்டைப் பயன்படுத்தத் தொடங்கியதும் விண்டோஸ் பயனர்களின் டெம்ப் ஃபோல்டரில் அந்தப் பெயரோடு கோப்புகள் சேர்ந்தன. எரிச்சலடைந்தவர்கள் பெயரைத் தேடி, உருவாக்கியவர்களின் தொலைபேசி எண்ணைக் கண்டுபிடித்து, நடு இரவில் எழுப்பிப் புகார் சொன்னார்கள். அன்றிலிருந்து அந்தப் பெயரின் ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாக அடுக்கி, 'எடில்க்ஸ்' என்று தொடங்கும்படி மாற்றிவிட்டார்கள்.

இந்த வழக்கைப் படித்த பிறகு கெட்ட கோப்பு பற்றிய புகாரை நான் எடுத்துக்கொள்ளும் விதம் மாறியது. முதல் கேள்வி, "கெட்ட கோப்பை அப்படியே வைத்திருக்கிறீர்களா?" கெட்ட கோப்பிலிருந்து தரவை மீட்கும் ரெகவர் கட்டளையை ஓட்டிப் பழையதை அழித்துவிட்டால் தரவு ஓரளவு கிடைக்கும், தடயம் போய்விடும். எனவே முதலில் நகல், ஜர்னல் கோப்போடும் புது மாற்றங்களைக் குறித்து வைக்கும் வால் (WAL) கோப்போடும் சேர்த்து. அடுத்தது பிழை எண். அதற்கு அடுத்தது, கெட்ட இடத்தின் பைட்டுகளை என் கண்ணால் பார்ப்பது. முழுக்கச் சுழியாக இருந்தால் வட்டு அல்லது கோப்பு முறைமை பக்கம் பார்க்கலாம். படிக்கக்கூடிய வாக்கியம் இருந்தால் நம் நிரலில் யாரோ அதை எழுதியிருக்கிறார்கள், அந்த வாக்கியத்தை மூலநிரலில் தேடினால் ஆள் கிடைத்துவிடுவார்.

என் இருபது வரி நிரலைப் புதிய பதிப்போடும் கட்டி ஓட்டினேன். நின்றது, அசெர்ட் தோற்றது, திரையில் ஒன்றுமில்லை. கோப்பைத் திறந்தால் முதல் 16 பைட்டும் அதனதன் இடத்தில், நாலு வரிசையும் பத்திரம். பிழைச் செய்தி கோப்புக்குள் விழாமல் மறைந்திருந்தது. எண் 2 மூடியிருந்தது என்ற எச்சரிக்கையும் எங்கும் காணவில்லை. காரணம், பதிவேட்டை வாங்கிக்கொள்ள ஒரு ஃபங்ஷனை நாம் முன்கூட்டியே பதிந்திருந்தால்தான் எஸ்கியூலைட் அந்த வரியை நம்மிடம் கொடுக்கும். பதிந்துவிட்டு மறுபடி ஓட்டினேன். வந்தது, கோப்பின் பெயரோடும் 2 என்ற எண்ணோடும். அன்று மாலையே எங்கள் பில்லிங் நிரலில் தரவுத்தளத்தைத் திறக்கும் வரிக்கு முன்னால் அந்த ஃபங்ஷனைச் சேர்த்தோம்.